சட்டையின் புகை எங்கே கிளம்புகிறது?

ஆடி பிறந்தால் கோலியனூர் மாரியம்மன் கோயிலில் கூட்டம். விழுப்புரம் ஜவுளிக் கடைகளிலும் கூட்டம். தள்ளுபடி விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் சில சட்டைகளில் இன்னொரு சீட்டும் தொங்குகிறது. பச்சை நிறம், ஓர் இலைப் படம், பூமிக்குக் கெடுதல் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கொஞ்சம் பெரிய பிராண்டாக இருந்தால், ‘2040-க்குள் நிகர பூஜ்ஜியம்’, அதாவது வெளியிடும் வெப்ப வாயுவும் அதற்கு ஈடாக நீக்குவதும் சமம், என்ற வாக்குறுதியையும் அதன் ஆண்டறிக்கையில் பார்க்கலாம். நம்பலாமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேடினால் உண்மை தெரியும் என்று சொல்லிவிடலாம். துணிக்குச் சாயம் போடும் ஆலையின் பாய்லர் அறையில் தேட வேண்டும்.

நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. ஒரு குறிப்பிட்ட புயலை ஒரு குறிப்பிட்ட புகைபோக்கியோடு முடிச்சுப் போட முடியாது. ஆனால் கடலும் காற்றும் சூடேறினால் மேகம் அதிக ஈரத்தைச் சுமக்கும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும் என்பது இயற்பியல். அந்தச் சூட்டில் நம் உடுப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எவ்வளவு பங்கு? உலகம் வெளியிடும் வெப்ப வாயுக்களில் ஆடைத் துறையின் பங்கு 10 சதவீதம் என்று மேடைகளில் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு அடியில் உறுதியான கணக்கு கிடையாது. ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி 2020-இல் வெளியிட்ட அறிக்கை, 2018-ஆம் ஆண்டுக்கு 210 கோடி டன் என்றது. இது சுமார் 4 சதவீதம். உலக வள நிறுவனம் 2021-இல் போட்ட கணக்கில் இது ஏறக்குறைய 100 கோடி டன், அதாவது 2 சதவீதம். இரண்டுக்கும் நடுவே பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆனால் இரண்டு கணக்குகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கடையிலும் தலைமை அலுவலகத்திலும் வெளியாவது சொற்பம். பெரும்பகுதி நார், நூல், துணி, சாயம் ஆகிய கட்டங்களில்தான் வெளியாகிறது. மெக்கின்சி கணக்கில் அது 70 சதவீதம்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்ப்போம். வயலில் யூரியா போடுகிறார்கள். செடி எடுத்துக்கொண்டது போக மீதியில் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பஞ்சு நூற்பாலைக்கு வருகிறது. ஒரு கிலோ நூல் நூற்க, ரகத்தைப் பொறுத்து, 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் நூல் என்று வைத்தால், நூற்பு மட்டும் அரைக் கிலோ புகை. கனமான இரும்பு இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடும் நூற்பாலையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அடுத்தது நிட்டிங். அங்கே செலவு குறைவு. அதன் பிறகு சாயப்பட்டறை. இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

துணி வெளுப்பதற்குப் பருத்தியைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரில் வேகவைக்கிறார்கள். பிறகு சுமார் 60 டிகிரியில் சாயம் ஏற்றுகிறார்கள். ஒட்டாத சாயம் போக மறுபடி மறுபடி வெந்நீரில் அலசுகிறார்கள். பாலியஸ்டர் என்றால் அழுத்தத்தில் 130 டிகிரி. கடைசியில் துணியை உலர்த்தும் இயந்திரம். இத்தனைக்கும் நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லருக்குத் தீனி வேண்டும். வங்கதேசத்தில் பெரும்பாலும் எரிவாயு, சீனத்தில் நெடுங்காலமாக நிலக்கரி, நம் ஊரில் பெரும்பாலும் விறகு. சீமைக் கருவேலம் லாரி லாரியாகப் போகிறது. முந்திரி ஓட்டை எரிக்கும் பாய்லர்களும் உண்டு, பண்ருட்டிக்காரர்களுக்கு அது புதுச் சேதி இல்லை.

ஆகவே ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீரைச் சூடாக்குகிறோம் என்பதுதான் இந்தத் தொழிலின் முக்கியமான கேள்வி. பழைய வின்ச் தொட்டியில் ஒரு கிலோ துணியை முக்க 10 லிட்டருக்கு மேல் வேண்டும். புதிய சாஃப்ட்ஃப்ளோ இயந்திரத்தில் 5, 6 லிட்டர் போதும். ஒவ்வொரு அலசலுக்கும் இதே விகிதம். தண்ணீர் பாதியானால் விறகும் கிட்டத்தட்ட பாதி. துணியில் சாயக் கரைசலை ஏற்றி, சுருட்டி, சூடுபடுத்தாமலே மணிக்கணக்கில் ஊறவைக்கும் ‘கோல்டு பேட் பேட்ச்’ முறையும் உண்டு. விளம்பரப் படத்துக்கு லாயக்கில்லாத வேலைகள் இவை. புகையைக் குறைப்பதும் இவைதான்.

இப்போது நிறுவனங்களின் கொள்கைக்கு வருவோம். கணக்கு எழுத அவர்கள் மூன்று பேரேடுகள் வைத்திருக்கிறார்கள். ஸ்கோப் 1 என்பது நிறுவனம் தன் சொந்த அடுப்பிலும் வண்டியிலும் எரிப்பது. ஸ்கோப் 2 என்பது அது காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது. ஸ்கோப் 3 என்பது மற்ற எல்லாம்: பஞ்சு, நூல், சாயம், தையல், கப்பல், வாங்கியவர் வீட்டில் துவைப்பது, கடைசியில் குப்பை. உலகின் பெரிய பிராண்டுகளில் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு தையல் இயந்திரம்கூடக் கிடையாது. திருப்பூரிலும் டாக்காவிலும் உள்ளவர்கள் செய்து கொடுக்கிறார்கள். அதனால் அந்த பிராண்டுகளின் சுமையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஸ்கோப் 3-இல் விழுகிறது. ‘எங்கள் கடைகள் எல்லாம் 100 சதவீதம் பசுமை மின்சாரத்தில் ஓடுகின்றன’ என்று ஒரு பிராண்டு அறிவித்தால் அது பொய்யாக இருக்காது. ஆனால் மீதி ஒன்பது பங்கைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சேயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஆடை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சாசனம் வெளியிட்டன. 2021-இல் கிளாஸ்கோவில் அதை இறுக்கினார்கள். 2030-க்குள் பாதியாகக் குறைப்பது, 2050-இல் நிகர பூஜ்ஜியம், 2023 முதல் புதிய நிலக்கரி பாய்லர் கூடாது என்பவை அதில் உள்ளவை. சாசனத்தில் கையெழுத்திட்டவர் தவறினால் தண்டனை கிடையாது.

தனி நிறுவனத்துக்கு எச்&எம்-ஐ எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு ஆலைகளிலிருந்தும் துணிமணி வாங்கும் சுவீடன் நிறுவனம் அது. 2019-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து 2030-க்குள் 56 சதவீதம் குறைப்போம், 2040-இல் நிகர பூஜ்ஜியம் என்பது அதன் இலக்கு. இந்த இலக்கில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்கின்றன. அடிப்படை ஆண்டைச் சொல்கிறது. ஸ்கோப் 3-ஐயும் சேர்த்துக்கொள்கிறது. மொத்த அளவைக் குறைப்பதாகச் சொல்கிறது. இந்தக் கடைசி விஷயம் பலர் கண்ணில் படாது. ‘ஒரு சட்டைக்கு 30 சதவீதம் குறைத்தோம்’ என்று இன்னொரு நிறுவனம் சொல்லலாம். அது விற்கும் சட்டைகள் இரட்டிப்பானால் மொத்தப் புகை குறையாது, 40 சதவீதம் கூடும். வானத்துக்கு விகிதம் தெரியாது, மொத்தம்தான் தெரியும். 2022 முதல் நிலக்கரி பாய்லர் வைத்திருக்கும் புதிய ஆலைகளைச் சேர்த்துக்கொள்வதில்லை என்ற விதியும் எச்&எம்மில் உண்டு.

இதே நிறுவனம் இன்னொரு பக்கம் சறுக்கியது. ‘கான்ஷியஸ்’ என்ற பெயரில் அது விற்ற உடுப்புகளின் பச்சைச் சீட்டுகளுக்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் கேள்வி எழுப்பியது. 2022-இல் அந்தச் சொற்களை மாற்றவோ நீக்கவோ எச்&எம் ஒப்புக்கொண்டு, 5 லட்சம் யூரோ நன்கொடையாகக் கொடுத்தது. இதே கேள்விக்கு உள்ளான விளையாட்டு உடுப்பு நிறுவனம் டெக்கத்லான் 4 லட்சம் யூரோ கொடுத்தது. ஒரே கூரைக்குக் கீழே ஓரளவு கறாரான கொள்கையும் இருக்கலாம், வெற்றுச் சீட்டும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கொள்கை எழுதுவது ஒருவர், அதற்குச் செலவழிப்பது இன்னொருவர் என்ற சிக்கலைப் புரிந்துகொள்ள திருப்பூருக்குத்தான் போக வேண்டும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகி, கீழ்ப்பாசன விவசாயிகள் வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறந்தார்கள். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடித்து 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைத் திருப்பி எடுக்கிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பையும் எடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய ஜவுளி ஊர்கள் உலகத்தில் மிகக் குறைவு.

ஆனால் காய்ச்சுவதற்கு நீராவி வேண்டுமே. ஆர்.ஓ. பம்புகளுக்கு மின்சாரம் வேண்டுமே. ஆறு பிழைத்தது, எரிபொருள் கூடியது. தண்ணீரும் காலநிலையும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதை எந்த பிராண்டின் அறிக்கையும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. நான் நொய்யல் பக்கம்தான் நிற்பேன். ஆனால் இந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர்கள், வங்கிக் கடன், அரசுப் பணம். ஒரு பீசுக்கு இதற்கென்று தனியாக நாலு காசு கூட்டிக் கொடுத்த வாங்குநர்கள் அபூர்வம் என்பது ஏற்றுமதியாளர்கள் நெடுநாளாகச் சொல்லும் குறை. ‘எங்கள் துணி மறுசுழற்சித் தண்ணீரில் சாயம் போட்டது’ என்ற வரி மட்டும் வாங்குநரின் அறிக்கையில் ஏறிவிடும்.

காற்றாலையும் இப்படித்தான். கோவை, திருப்பூர் ஆலைக்காரர்கள் 1990-களிலேயே முப்பந்தலிலும் உடுமலை, பல்லடம் பக்கமும் காற்றாலை நட்டார்கள். முதல் ஆண்டிலேயே முழு முதலீட்டையும் தேய்மானமாகக் கழிக்கலாம் என்ற வரிச் சலுகை ஒரு காரணம். மின்வெட்டும் மின்கட்டணமும் இன்னொரு காரணம். காலநிலை என்ற சொல்லே அப்போது ஆலை வட்டாரத்தில் புழங்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் கிடைக்கும் மின்சாரத்தை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 1995-இல் சுற்றத் தொடங்கிய காற்றாலையை 2025-இல் ஒரு வெளிநாட்டு பிராண்டு தன்னுடைய ‘குறைப்பு’ என்று எழுதிக்கொண்டால், புதிதாக ஒரு கிலோ புகைகூடக் குறைந்ததாக ஆகாது. புதிதாக என்ன நட்டீர்கள், யார் முதல் போட்டார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

விறகு பாய்லரிலும் ஒரு கணக்குச் சூட்சுமம் இருக்கிறது. மரம் வளரும்போது இழுத்த கரியைத்தான் எரியும்போது விடுகிறது என்பதால், விறகின் கரியமில வாயுவை மூன்று பேரேட்டிலும் சேர்க்காமல் தனியாக எழுத விதி இடம் கொடுக்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால் இது நியாயம். சீமைக் கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கும், கவலையில்லை. வேறு மரங்கள் கலந்து வந்தால் கணக்கு பொய்த்துவிடும். நிலக்கரியிலிருந்து விறகுக்கு மாறினோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், விறகு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

துணி ரகத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலகில் 2023-இல் தயாரான நார் 12.4 கோடி டன். அதில் 57 சதவீதம் பாலியஸ்டர், மூலப்பொருள் கச்சா எண்ணெய். பருத்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ‘மறுசுழற்சி பாலியஸ்டர்’ என்றால் பழைய சட்டையை உருக்கிப் புதுச் சட்டை ஆக்கியதாக நினைக்க வேண்டாம். ஏறக்குறைய முழுவதும் குடிநீர் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டிலை மறுபடி பாட்டில் ஆக்கலாம். சட்டை ஆக்கினால் அதோடு முடிந்தது, அடுத்த நிறுத்தம் குப்பை மேடு. இதைவிட உருப்படியான மறுசுழற்சி தமிழ்நாட்டில் விளம்பரமே இல்லாமல் நடக்கிறது. திருப்பூரில் வெட்டும்போது விழும் பனியன் வேஸ்ட்டை நிறம் வாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, ஓபன் எண்ட் ஆலைகளில் மறுபடி நூலாக்குகிறார்கள். சாயம் ஏற்கெனவே ஏறிய பஞ்சு என்பதால் பெரும்பாலும் மறுபடி சாயம் போட வேண்டாம். பாய்லர் வேலை மிச்சம். போர்வையும் கையுறையும் லுங்கியுமாக அது வெளியே வருகிறது.

கைத்தறி என்றால் புகையே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. வளவனூர் பக்கத்துச் சிறுவந்தாட்டில் பட்டு நெய்கிறார்கள். தறிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்க முடியும். சாயமும் சூட்டில்தான் ஏறும். கைத்தறிப் பட்டின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையை மகளும் கட்டுகிறாள். முப்பது வருடம் புழங்கும் துணியின் புகையை முப்பதால் வகுக்கலாம்.

இந்த வகுத்தல் எல்லா உடுப்புக்கும் பொருந்தும். நம் மாவட்டத்திலேயே, ஆரோவில்லில், 1997-இல் உமா பிரஜாபதி தொடங்கிய உபாசனா என்ற ஆடை நிறுவனம் இருக்கிறது. மதுரைப் பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து இயற்கைப் பருத்தி, சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் செய்த சுனாமிகா பொம்மை என்று அதன் வேலைகள் பலருக்குத் தெரியும். யூரியா போடாத வயல், வீணாகாத துண்டுத் துணி, குறைந்த எண்ணிக்கை என்று அது போகும் பாதை சரியானது. விலை பலருக்கு எட்டாது என்பதும் உண்மை. பெரிய பிராண்டுகளால் இந்தப் பாதையில் முழுதாக வர முடியாது. வாரத்துக்கு ஒரு புது டிசைன் இறக்குவது அவர்கள் வியாபாரம். ‘குறைவாக விற்போம்’ என்று எந்தப் பங்குச்சந்தை நிறுவனமும் கொள்கை எழுதியதாக நான் பார்த்ததில்லை. அவசரத்துக்கும் ஒரு புகை உண்டு. தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு தாமதமானால் விமானத்தில் போகிறது. அப்போது சரக்குப் போக்குவரத்தின் புகை பல பத்து மடங்காகிறது. செலவு ஏற்றுமதியாளர் கணக்கில்.

வாங்குபவர் பங்கையும் எடை போடலாம். லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸ் ஒன்றின் முழு ஆயுளுக்கும் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டது. மொத்தம் 33.4 கிலோ புகை. அதில் பருத்தி விளைவிப்பது 2.9, துணி தயாரிப்பு 9, தையல் 2.6. எல்லாவற்றையும்விடப் பெரியது வீட்டில் துவைத்து உலர்த்துவது, 12.5 கிலோ. இது வெந்நீர் வாஷிங் மெஷினும் மின் உலர்த்தியும் வைத்திருக்கும் நாடுகளின் கணக்கு. பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போடும் கோலியனூர் வீட்டில் அந்த 12.5-இல் பெரும்பகுதி மாயமாகிவிடும். ஆகவே ‘வாடிக்கையாளரே, குறைந்த சூட்டில் துவையுங்கள்’ என்று பிராண்டுகள் நமக்குச் சொல்லும் புத்திமதி விலாசம் மாறி வந்தது. நம் பக்கத்தில் மிச்சமிருப்பது வாங்கும் எண்ணிக்கை ஒன்றுதான்.

இனி, ஒரு நிறுவனத்தைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு. இந்தியப் பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. ஜூடியோ கடைகளை நடத்தும் ட்ரென்ட் நிறுவனமும் கே.பி.ஆர். மில்லும் இதில் அடங்கும். அறிக்கை நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆறாவது கோட்பாடு என்ற பகுதி சுற்றுச்சூழலைப் பற்றியது. அங்கே ஸ்கோப் 1, ஸ்கோப் 2 எண்களைக் கட்டாயம் தர வேண்டும். ஸ்கோப் 3 விருப்பம்தான், தந்தால் தரலாம்.

சொந்த ஆலை வைத்திருக்கும் மில்லுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். அதன் பாய்லர் ஸ்கோப் 1-இல் வந்துவிடும். பிறரிடம் தைத்து வாங்கி விற்கும் பிராண்டுக்கு இது பெரிய ஓட்டை. அதன் புகையில் பத்தில் ஒன்பது பங்கு எந்தப் பேரேட்டில் இருக்கிறதோ, அந்தப் பேரேட்டைத்தான் செபி விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இந்த விதி மாற வேண்டும். மாறும் வரை, அடுத்த முறை பச்சைச் சீட்டைப் பார்க்கும்போது அந்த நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்து ஸ்கோப் 3 வரியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால், அவர்கள் சொல்லும் பசுமை கடை விளக்கோடு முடிந்துவிடுகிறது என்று பொருள்.